குருதித் தட்டும் முறைக்காய்ச்சலும்

மூன்று நாட்கள் காய்ச்சலோடு மருத்துவரிடம் செல்லும் எவருக்கும் இக்காலத்தில் தவறாமல் கிடைப்பது ஒரு சீட்டு. அதில் இரத்தத்தின் பல கணக்குகள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். முன்பெல்லாம் வீட்டார் அதனை மடித்துப் பையில் வைத்துவிடுவார்கள். இன்றோ சீட்டு கைக்கு வந்தவுடன் எல்லோருடைய கண்ணும் ஒரே வரியைத் தேடுகிறது. அது பிளேட்லெட் எனப்படும் குருதித் தட்டுக்களின் எண்ணிக்கை. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்தால் நிம்மதி. ஐம்பதினாயிரத்துக்குக் கீழே போனாலோ வீடு முழுவதும் துயரத்தில் ஆழ்ந்துவிடுகிறது.

இந்த எண்ணுக்கு இத்தனை அதிகாரம் எப்படி வந்தது? முறைக்காய்ச்சல் என்று நம் முன்னோர் வழங்கிய மலேரியாவில் இவ்வெண் குறைந்தால் அதன் பொருள் யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காணச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

முதலில் பெயரைப் பார்ப்போம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, பெயரில் தொடங்குவதே வழக்கமாகிவிட்டது. மலேரியா என்பது இத்தாலிய மொழிச் சொல். ‘கெட்ட காற்று’ என்பது அதன் பொருள். சதுப்பு நிலத்துக் காற்றே நோய்க்குக் காரணம் என்று அந்நாட்டார் எண்ணியதால் அப்பெயர் வந்தது. மலையாளத்தில் இதனை மலம்பனி என்பர். மலையில் வரும் காய்ச்சல் என்பது கருத்து. தமிழில் முறைக்காய்ச்சல் என்றனர். ஒருநாள் விட்டு ஒருநாள், அல்லது இரண்டு நாள் விட்டு ஒருநாள், முறை வைத்துக்கொண்டு வருவதால் இப்பெயர். இத்தாலியர் காரணம் சொல்ல முயன்று தவறினர். தமிழர் காரணம் சொல்லாமல் கண்டதை மட்டும் சொல்லிப் பிழையின்றித் தப்பினர்.

காரணத்தைக் கண்டவர் அல்போன்ஸ் லாவெரான் என்னும் பிரெஞ்சு இராணுவ மருத்துவர். 1880-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள், அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில், காய்ச்சலுற்ற ஒரு போர்வீரனின் இரத்தத்தை உருப்பெருக்கியில் நோக்கியபோது, உயிருள்ள சிறு பொருள்கள் அசைவதைக் கண்டார். மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணி அதுவே. அது கொசுவின் உடலில் வளர்வதை 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள் செகந்தராபாத்தில் கண்டவர் ரொனால்டு ராஸ். சென்னை மாகாண மருத்துவப் பணியில் இருந்த அவர், அதே ஆண்டில் உதகைக்கு அருகிலுள்ள சீகூர் மலைப்பகுதிக்கு ஆராய்ச்சிக்காகச் சென்று, தாமே மலேரியாவுக்கு ஆளானவர்.

லாவெரானுக்கும் ராஸுக்கும் இடைப்பட்ட காலத்தில் இத்தாலியில் நடந்த ஒரு செய்தி நமது பொருளுக்கு மிக நெருங்கியது. ஜூலியோ பிட்சொட்சேரோ என்னும் அறிஞர் 1881, 1882-ஆம் ஆண்டுகளில், இரத்தத்தில் சிவப்பணு, வெள்ளணு என்ற இரண்டையும் தவிர மூன்றாவதாக ஒரு நுண்பொருள் உண்டு என்பதையும், காயம்பட்ட இடத்தில் முதலில் போய் ஒட்டி அடைப்பது அதுவே என்பதையும் நிலைநாட்டினார். அவர் அதற்குச் ‘சிறு தட்டு’ என்று பொருள்படும் பெயரை இட்டார். ஏறத்தாழ அதே காலத்தில், 1885, 1886-ஆம் ஆண்டுகளில், பாவியா நகரில் காமில்லோ கால்ஜி என்பவர் மலேரியா ஒட்டுண்ணிகள் இரத்தத்தில் ஒரேசமயத்தில் பெருகி வெடிக்கும் நேரமே நோயாளிக்குக் குளிர் எடுக்கும் நேரம் என்று காட்டினார். முறைக்காய்ச்சலின் ‘முறை’ அப்போதுதான் விளங்கிற்று. இந்தக் கால்ஜி இளமையில் பிட்சொட்சேரோவின் ஆய்வுக்கூடத்தில் பயின்றவர். பின்னர் அவருடைய உறவுப் பெண்ணையே மணந்தவர். குருதித் தட்டைக் கண்டவரும் முறைக்காய்ச்சலின் முறையைக் கண்டவரும் இவ்வாறு ஒரே குடும்பத்தவராயினர்.

உறவு அத்துடன் முடியவில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜேம்ஸ் ஹோமர் ரைட் என்பவர் 1902-இல் ஒரு சாயக் கலவையை வெளியிட்டார். இரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லப் பரப்பி, அச்சாயத்தை இட்டால், மலேரியா ஒட்டுண்ணி நீலமும் சிவப்புமாகத் தெளிவாகத் தெரியும். அத்தகைய சாயத்தின் துணைகொண்டே, குருதித் தட்டுக்கள் எலும்பு மச்சையிலுள்ள பேரணுக்களிலிருந்து உதிர்ந்து வருபவை என்பதை 1906-இல் அவர் மெய்ப்பித்தார். ஒட்டுண்ணியையும் தட்டையும் ஒரே கண்ணாடித் தகட்டில், ஒரே சாயத்தில், ஒரே பார்வையில் காணலாம் என்பது இதனால் பெறப்பட்டது. இதனை நேயர்கள் நினைவில் இருத்தவேண்டும். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

இனி நமது நாட்டுக்கு வருவோம். நாம் வாழும் திருவனந்தபுரம் முன்னாளில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தலைநகர். தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தமிழ்த் தாலுகாக்களும் 1956 நவம்பர் 1-ஆம் நாள் வரை இந்நகரத்தின் ஆட்சிக்கே உட்பட்டிருந்தன. சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் கோட்டைக்குள்ளும் தமிழ் கேட்பது இன்றும் புதுமையன்று. சுகாதாரத்தில் இச்சமஸ்தானம் முன்னோடி என்பதில் ஐயமில்லை. 1813-ஆம் ஆண்டிலேயே இங்கே அம்மைப்பால் குத்தும் முறை புகுத்தப்பட்டது. 1928-இல் ராக்பெல்லர் அறநிலையத்தைச் சேர்ந்த டாக்டர் ஜேக்காக்ஸ் சமஸ்தானத்துக்கு வந்து, கொக்கிப்புழு முதலிய நோய்களை ஆராய்ந்து, பொதுச் சுகாதாரப் பணிக்கு வித்திட்டார். நெய்யாற்றின்கரையில் தோன்றிய சுகாதார நிலையம் அப்பணியின் விளைவே.

ஆயினும் மலையடிவாரங்களை மலம்பனி விட்டுவைக்கவில்லை. நாற்பதுகளில் திருவிதாங்கூரிலிருந்து நிலம் தேடி மலபாருக்கும் வயநாட்டுக்கும் குடியேறிய உழவர் குடும்பங்களை இக்காய்ச்சல் வாட்டி வதைத்த வரலாறு கேரளத்தார் மறவாதது. எஸ். கே. பொற்றேக்காட் 1948-இல் எழுதிய ‘விஷகன்யக’ என்னும் நாவலுக்கு அதுவே பொருள். தமிழகத்திலும் அப்படித்தான். மேட்டூர் அணை நீர் புதுக் கால்வாய்கள் வழியே பட்டுக்கோட்டைப் பகுதிக்குப் பாய்ந்தபோது நெல்லோடு காய்ச்சலும் விளைந்தது. பால் ரஸ்ஸல் என்னும் அமெரிக்க அறிஞர் அங்கே தங்கி, வீடுகளுக்குள் பூச்சிமருந்து தெளித்துக் கொசுவைக் கொல்லும் முறையைச் சோதித்தார். இலங்கையில் 1934, 1935-ஆம் ஆண்டுகளில் எழுந்த கொள்ளைநோய் சுமார் எண்பதினாயிரம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. பிழைப்பைத் தேடிப் போகும் இடத்தில் காய்ச்சல் காத்திருப்பது அக்காலத்து மக்களின் தலைவிதி போலிருந்தது.

அந்நாளில் ஊரில் மலேரியா எவ்வளவு என்று அறிவதற்கு மருத்துவர் கையாண்ட வழி எளியது. 1847-லேயே டெம்ப்ஸ்டர் என்பவர் வடநாட்டுக் கால்வாய்ப் பகுதிகளில் இதனைக் கையாண்டார். குழந்தைகளின் இடது விலாவின் கீழ் விரலால் அழுத்திப் பார்ப்பர். மண்ணீரல் வீங்கியிருந்தால் கைக்குத் தட்டுப்படும். நூற்றுக்கு எத்தனை குழந்தைகளுக்கு அவ்வாறு உண்டோ, அத்தனைக்கு ஊரில் மலேரியா உண்டு. தட்டுக்கள் எங்கே போகின்றன என்ற கேள்விக்கும் இந்த மண்ணீரலே ஒரு பங்கு விடை கூறுகிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

நாடு விடுதலை பெற்றபோது பாரதத்தில் ஆண்டுதோறும் ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா காண்பதாகவும், எட்டு லட்சம் பேர் மடிவதாகவும் மதிப்பிட்டனர். 1953-இல் தேசிய மலேரியாத் தடுப்புத் திட்டமும், 1958-இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கின. டி.டி.டி. தெளிப்போர் வீடு வீடாக ஏறி இறங்கினர். 1965-இல் நாடு முழுவதும் பதிவானவை ஒரு லட்சம் அளவிற்குச் சுருங்கின. கேரளத்தில் உள்ளூர் மலேரியா ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டதும் அவ்வாண்டிலேயே. ஆனால் வெற்றி நிலைக்கவில்லை. கொசுவுக்கு மருந்து பழகிற்று. மனிதருக்கு அலட்சியம் பழகிற்று. 1976-இல் நாட்டில் அறுபத்து நான்கு லட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர்.

கேரளம் நெடுங்காலம் தாங்கி நின்றது. எனினும் 1996-இல் திருவனந்தபுரத்தின் கடற்கரைப் பகுதியான வலியதுறையில், வெளியூருக்குப் போகாதவர்களுக்கும் மலேரியா கண்டது. நகரத்து மலேரியாவைப் பரப்பும் கொசு சேற்றை நாடுவதில்லை. கிணறு, நீர்த்தொட்டி, மாடித் தொட்டி ஆகியவற்றின் தெளிந்த நீரே அதற்குத் தொட்டில். வெளியிலிருந்து ஒருவர் இரத்தத்தில் ஒட்டுண்ணியைக் கொண்டுவந்தால் போதும். மற்றதைக் கொசு பார்த்துக்கொள்ளும். இன்றும் கேரளத்தில் பதிவாகும் மலேரியாவில் பெரும்பகுதி வேறு மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் திரும்புவோரிடம் காணப்படுவதே.

இதனிடையே வேறொரு காய்ச்சல் வந்து சேர்ந்தது. அதுவே டெங்கு. 2003-இல் திருவனந்தபுரத்தைப் பெரிதும் அலைக்கழித்த நோய் அது. டெங்குவில் தட்டுக்கள் குறையும் என்பதை மக்கள் நன்கு அறிந்துகொண்டனர். இரத்த அணுக்களைத் தாமே எண்ணும் இயந்திரங்களும் தெருவுக்குத் தெரு வந்துவிட்டன. வாலஸ் கோல்டர் 1953-இல் உரிமை பெற்ற கருவியின் வழித்தோன்றல்கள் அவை. முன்னாளில் ஒருவர் உருப்பெருக்கியில் கண் வைத்து அரைமணி நேரம் எண்ணியதை இயந்திரம் ஒரு நிமிடத்தில் எண்ணிவிடுகிறது. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. எண்ணுவது வேறு, பார்ப்பது வேறு. தட்டு எத்தனை என்று இயந்திரம் சொல்லும். சிவப்பணுவுக்குள் ஒட்டுண்ணி குடியிருக்கிறதா என்பதை அந்தச் சீட்டு சொல்வதில்லை.

இதனை நாம் நூலில் மட்டும் படித்து அறிந்துகொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நமது உறவினர் மகன் ஒருவன், மும்பையில் கட்டட வேலைகளை மேற்பார்க்கும் பணியில் இருப்பவன், விடுமுறைக்குக் கரமனைக்கு வந்தான். வந்த பத்தாம் நாள் காய்ச்சல். சீட்டில் தட்டு முப்பத்தெட்டாயிரம் என்று கண்டிருந்தது. டெங்கு என்று எல்லோரும் முடிவு கட்டினோம். பப்பாளி இலைச் சாறு பிழிந்தவர் சிலர். இரத்தம் கொடுக்க ஆள் தேடி ஓடியவர்களில் நாமும் ஒருவர். மூன்று நாட்கள் இவ்வாறு கழிந்தன. டெங்குவுக்கான சோதனை இல்லை என்றே வந்தது. அப்போதும் நமக்கு உறைக்கவில்லை. நான்காம் நாள் வேறொரு சோதனைக்கூடத்தில் இருந்த முதியவர் ஒருவர், சீட்டைப் பார்ப்பதற்கு முன்னரே, “பையனுக்கு ஜோலி எங்கே சார்?” என்று மலையாளமும் தமிழும் கலந்து வினவினார். மும்பை என்றோம். “காய்ச்சல் தினமும் உண்டா, இடைவிட்டு உண்டா?” என்றார். ஒருநாள் விட்டு ஒருநாள் என்று பையனின் தாய் சொன்னாள். முதியவர் வேறொன்றும் பேசாமல் விரல்நுனியில் ஒரு துளி எடுத்துத் தகட்டில் பரப்பினார். அரைமணியில் விடை தெரிந்தது: வைவாக்ஸ் வகை மலேரியா.

மருந்து தொடங்கிய பின் காய்ச்சல் நின்றது. ஒரு வாரத்தில் தட்டுக்கள் தாமே ஒரு லட்சத்தைத் தாண்டின. ஒருவர் இரத்தமும் தேவைப்படவில்லை. நமக்கு மட்டும் ஒரு வெட்கம் மிஞ்சியது. காய்ச்சல் கண்டால் இரத்தத் தகட்டுச் சோதனை செய்துகொள்க என்ற அறிக்கையை அலுவலகத்தில் தமிழாக்கம் செய்தவர் நாமே. முறைக்காய்ச்சல் என்ற சொல்லின் சிறப்பை நண்பர்களிடம் விரித்துரைத்தவரும் நாமே. வீட்டில் ஒருவன் முறை வைத்துக் குளிரில் நடுங்கியபோது அச்சொல் நினைவுக்கு வரவில்லை. தாய் அறிந்திருந்ததை நாம் கேட்கவுமில்லை.

மலேரியாவில் தட்டுக்கள் ஏன் குறைகின்றன? காரணம் ஒன்றன்று. உடலின் தட்டுக்களில் மூன்றிலொரு பங்கு எப்போதும் மண்ணீரலில் தங்குவது இயல்பு. மண்ணீரல் வீங்கும்போது அங்கே தங்குபவை பெருகி, ஓடும் இரத்தத்தில் எஞ்சுபவை குறைகின்றன. நோயை எதிர்க்கும் பொருள்கள் சில தட்டுக்களின்மேலும் படிந்து, அவற்றை அழிவுக்கு உள்ளாக்குகின்றன. இயல்பாக எட்டு முதல் பத்து நாள் வாழும் தட்டு அதற்குள்ளாகவே மடிகிறது. சில தட்டுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், இயந்திரம் பலவற்றை ஒன்றாக எண்ணிக் கணக்கைக் குறைத்துக் காட்டுவதும் உண்டு.

தட்டுக்கள் வீணே மடிவதில்லை என்பதும் இப்போது தெரியவந்துள்ளது. நோயுற்ற சிவப்பணுக்களில் அவை ஒட்டிக்கொண்டு உள்ளிருக்கும் ஒட்டுண்ணியைக் கொல்கின்றன என்று ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் 2009-இல் வெளியிட்டனர். காவலர் குறைந்தார் என்றால் போர் நடக்கிறது என்று பொருள். ஆயினும் மூளையின் நுண்குழாய்களில் நோயுற்ற அணுக்களை ஒட்டவைத்து அடைப்பு உண்டாக்குவதிலும் இதே தட்டுக்களுக்குப் பங்கு உண்டென்பர். ஒரே பொருள் காவலும் செய்யும், கேடும் செய்யும்.

அப்படியாயின் எண் குறைந்தால் நோய் கடுமை என்று கொள்ளலாமா? இங்கேதான் நிதானம் வேண்டும். மலேரியா கண்டவரில் பெரும்பாலோருக்குத் தட்டுக்கள் ஓரளவு குறையும். பால்சிபாரம் என்னும் கொடிய வகையில் மட்டுமின்றி, சாது எனப் பெயர்பெற்ற வைவாக்ஸ் வகையிலும் குறையும். வைவாக்ஸ் எப்போதும் சாது அன்று என்பதை ராஜஸ்தானத்தில் பிகானீர் மருத்துவர்கள் 2005 முதல் வெளியிட்ட ஆய்வுகள் எடுத்துக்காட்டின. இந்தோனேசியாவின் பாப்புவாப் பகுதியில் ஏராளமான நோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டவர்கள், தட்டு ஐம்பதினாயிரத்துக்குக் கீழே இறங்கியவர்களுக்கு ஆபத்து மிகுதி என்றும், அத்துடன் கடும் இரத்தச்சோகையும் சேர்ந்தால் மரண அபாயம் மேலும் பெருகும் என்றும் கண்டனர்.

எனினும் கடும் மலேரியா இன்னது என வரையறுக்கும் உலகச் சுகாதார நிறுவனம், தட்டுக் குறைவை மட்டும் தனி அடையாளமாகச் சேர்க்கவில்லை. நினைவு தடுமாறுதல், வலிப்பு, மூச்சுத் திணறல், சிறுநீர் குன்றுதல், கண் மஞ்சளித்தல், இரத்தம் வெளியேறுதல், இரத்தச் சர்க்கரை தாழ்தல், கடும் சோகை, அதிர்ச்சிநிலை ஆகியவையே நோயின் கடுமையைக் காட்டுபவை. இவற்றோடு தட்டும் குறைந்தால் கவலை இரட்டிப்பாகும். இவை எவையும் இன்றித் தட்டு மட்டும் குறைந்திருந்தால், உரிய மருந்து ஒட்டுண்ணியை அழித்தவுடன் எண் தானாகவே ஏறும். இரத்தம் கசியாத நோயாளிக்குத் தட்டு ஏற்றவேண்டிய தேவை அரிது. எண்ணுக்கு மருத்துவம் செய்வதைவிட நோய்க்கு மருத்துவம் செய்வதே முறை.

முன்னாளில் அம்மருந்து கொயினா. 1820-இல் பாரிசில் பிரித்தெடுக்கப்பட்ட அதன் மூலமரம் 1860-களில் நீலகிரியில் பயிரிடப்பட்டது. நடுவட்டத்தில் ஆலை எழுந்தது. அஞ்சல் நிலையங்களில் காலணாப் பொட்டலமாக அது விற்ற காலமும் உண்டு. இன்று கடும் மலேரியாவுக்கு ஆர்ட்டிசுனேட் ஊசி கைகொடுக்கிறது. வைவாக்ஸ் வகையில் காய்ச்சல் நின்ற பிறகும் ஈரலில் ஒட்டுண்ணி உறங்கிக் கிடந்து பல மாதம் கழித்து எழக்கூடும். ஆதலால் மருத்துவர் பதினான்கு நாட்களுக்குக் கொடுக்கும் பிரிமாக்குவினை இடையில் நிறுத்தலாகாது.

மும்பையிலும் தில்லியிலும் சூரத்திலும் ராஞ்சியிலும் வாழும் தமிழ் நேயர்களுக்கு இவ்வரலாற்றால் பெறப்படும் கடமை பெரிதன்று. ஊருக்குத் திரும்பும்போதோ, ஊரிலிருந்து மீளும்போதோ காய்ச்சல் கண்டால், மருத்துவர் கேளாவிடினும், எங்கிருந்து வருகிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். பல மாதங்களுக்கு முன் போன இடமானாலும் சொல்லுங்கள். தட்டு எத்தனை என்று கேட்பதற்கு முன், தகடு பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். தட்டு குறைந்திருக்கும்போது வலிக்கென ஆஸ்பிரின் போன்றவற்றைத் தாமே வாங்கி உண்ணாதீர்கள். மாடித் தொட்டியின் மூடியைச் சரிபாருங்கள். உங்கள் இரத்தத்தில் வந்த ஒட்டுண்ணி அண்டை வீட்டுக் குழந்தைக்குப் போகாமல் காப்பது அந்த மூடியே.

1963-இல் பதினேழு நோயாளிகள் என்ற அளவுக்கு மலேரியாவை ஒடுக்கிய இலங்கை, அயர்ந்ததால் மீண்டும் அதனிடம் சிக்கியது. பின்னர் விடாது உழைத்து, 2016-இல் மலேரியா அற்ற நாடு என்ற சான்று பெற்றது. பாரதமும் 2030-க்குள் அந்நிலையை அடைய இலக்கு வைத்துள்ளது. அவ்விலக்கு கருவிகளால் மட்டும் நிறைவேறாது. கரமனைப் பையனுக்கு நோயைக் கண்டது ஒரு துளி இரத்தமும் ஒரு முதியவரின் இரண்டு கேள்விகளும். அந்தக் கேள்விகளை நாம் ஒவ்வொருவரும் நம் வீட்டில் கேட்கப் பழகினால், சீட்டில் உள்ள எண்ணைக் கண்டு நடுங்கவேண்டிய நிலை பெரும்பாலும் வராது.